சம்பளம் 7-ஆம் தேதி, தவணை 5-ஆம் தேதி: பெங்களூர்ல மாசச் சம்பளத்துல கடனை அடைக்கிற வரிசை

[திரையில்: ஸ்ரீராமபுரம் சந்து, காலை நேரம். பீன்யா போற பஸ்ஸுக்குக் கூட்டம்.]

கையில வர்ற சம்பளம் 32,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். வாடகை 9,000. தண்டல், அதாவது தினமும் வந்து வசூலிக்கிற கடன், ஒரு நாளைக்கு 100, அப்போ மாசம் 3,000. கிரெடிட் கார்டு மினிமம் 3,000. பர்சனல் லோன் தவணை 5,200. இதுக்கே 20,200 போயிடுது. மிச்சம் 11,800-ல அரிசி, கேஸ், ஸ்கூல் ஃபீஸ், பஸ் எல்லாம் நடக்கணும். 20-ஆம் தேதி கை வறண்டதும் மறுபடி கார்டைத் தேய்க்கிறோம். "சிக்கனமா இருங்க"ன்னு சொல்றவங்களுக்கு இந்தக் கணக்கு புரியிறதில்ல. இந்த வீட்டுல வெட்டிச் செலவே இல்லாம இருக்கலாம். பணம் வட்டியில கசியுது.

[திரையில்: தண்டல் நோட்டு. 9,000 கையில், 100 ரூபாய் × 100 நாள்.]

முதல்ல ஒவ்வொரு கடனோட உண்மையான வட்டியைப் பார்க்கணும். தண்டல்ல 1,000 பிடிச்சுக்கிட்டு 9,000 தர்றாங்க, 100 நாள் கட்டுறோம். எல்லாரும் இதை 10 சதவீதம்னுதான் நினைக்கிறாங்க. ஆனா அந்த 9,000 நம்ம கையில 100 நாளும் முழுசா இல்ல, தினமும் குறைஞ்சுக்கிட்டே வருது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். 60-ஆவது நாள்ல "புதுசா எடுத்துக்கோங்க, பாக்கியைக் கழிச்சுக்கிறேன்"னு வந்து நிப்பாங்க. அதை மட்டும் மறுத்தாப் போதும், 100-ஆவது நாள் இந்தக் கடன் தானா முடிஞ்சிடும்.

[திரையில்: கார்டு பில். மொத்தம் 60,000. மினிமம் 3,000.]

அடுத்தது கார்டு. மாசம் 3.5 சதவீதம்னா 60,000-க்கு வட்டி 2,100. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 378. மொத்தம் 2,478. நீங்க கட்டுற 3,000-ல அசல்ல குறையிறது வெறும் 522 ரூபாய். இதுல இன்னொரு குழி இருக்கு, இதைப் பல பேர் கவனிக்கிறதில்ல. பில்லை முழுசாக் கட்டாம விட்டா, புதுசா வாங்குற பொருளுக்கு வட்டியில்லா நாளே கிடையாது. இன்னிக்கு தேய்ச்ச 800 ரூபாய் மளிகைக்கும் இன்னியிலிருந்தே வட்டி ஓடும். அதனால பாக்கி இருக்கிற கார்டை முதல்ல பர்ஸ்ல இருந்து எடுத்து வீட்டுல வைங்க. ஆன்லைன் கடைகள்ல சேமிச்சு வெச்ச கார்டு நம்பரையும் அழிச்சிடுங்க.

இப்போ வேலையை ஆரம்பிக்கலாம். கிடைக்கிற முதல் 5,000-ஐக் கடன்ல போடாதீங்க. ஏடிஎம் கார்டு இல்லாத தனிக் கணக்குல போடுங்க. காரணம் இருக்கு. ஊர்ல ஒரு சாவு, திடீர்னு காய்ச்சல், தீபாவளிக்கு மடிவாளாவுல ஏறுற ஆம்னி பஸ் டிக்கெட், இப்படி ஏதாவது ஒண்ணு வரும். கையில காசு இல்லாட்டி அன்னிக்கே புது தண்டல்தான். அதுக்கு முன்னாடி மூணு மாசம் கட்டினது வீணாப் போயிடும்.

[திரையில்: காலண்டர். 5-ஆம் தேதி சிவப்பில், 7-ஆம் தேதி பச்சையில்.]

தேதியைச் சரி பண்ணுங்க. சம்பளம் 7-ல வந்து தவணை 5-ல இழுத்தா, கணக்குல பணம் இல்லாம பவுன்ஸ் ஆகும். வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவங்க ஒரு அபராதம், கூடவே நம்ம கடன் வரலாற்றைப் பதிவு பண்ற சிபில்லயும் கறை. தவணைத் தேதியை 10-க்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க. கார்டு பில் சுழற்சியை ஒரு தடவையாவது மாத்திக்கிற வசதியைத் தரணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு, கேட்டு வாங்குங்க.

தண்டல் முடிஞ்சதும் மாசம் 3,000 விடுபடும். அது வீட்டுச் செலவுல கரையக் கூடாது, நேரா கார்டுக்குப் போகணும். புதுசா எதுவும் வாங்காம மாசம் 3,000 மட்டும் கட்டினா 60,000 தீர 44 மாசம், மொத்தம் சுமார் 1,30,000 ரூபாய். 6,000 கட்டினா 14 மாசம், சுமார் 79,000.

வீட்டுல அடகு வைக்காத நகை இருந்தா வங்கியில வெச்சுக் கார்டை மொத்தமா அடைக்கலாம். மாசம் 1 சதவீத வட்டின்னா அதே 6,000-ல 11 மாசம், சுமார் 63,500. ஆனா இந்த வழி கவிழ்றதும் இங்கதான். அடைச்சதும் கார்டு லிமிட் மறுபடி காலியாத் தெரியும். அதைக் கை தொட்டா நகையும் போச்சு, கார்டுக் கடனும் வந்தாச்சு. அடைக்கிற அன்னிக்கே லிமிட்டைக் குறைக்கச் சொல்லுங்க. வருஷக் கடைசியில மொத்தமாக் கட்டுற நகைக்கடனா இருந்தா மாசாமாசம் அசல்ல கொஞ்சம் கட்ட முடியுமான்னு முன்னாடியே கேளுங்க. இல்லைன்னா கெடு வந்ததும் ஏலம் வரைக்கும் போகலாம்.

[திரையில்: பெஸ்காம் மின்கட்டண ரசீது.]

பெங்களூர்ல இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் விட்டுடுற ஒண்ணு: கர்நாடக அரசு 2023-ல கொண்டு வந்த சக்தி திட்டத்துல பெண்களுக்கு சாதாரண பஸ் இலவசம். கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேணும், ஆதார் இன்னும் தருமபுரி முகவரியில இருந்தா டிக்கெட் எடுக்கத்தான் செய்யணும். கிருஹ ஜோதிங்கிற இன்னொரு அரசுத் திட்டத்துல 200 யூனிட் வரைக்கும் மின்சாரச் சலுகை உண்டு, வாடகைக்கு இருக்கிறவங்களும் வாங்கலாம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கிட்டு ஆதார் முகவரியை மாத்துங்க. அதுல மிச்சமாகிற ஒவ்வொரு நூறும் கார்டுக்கு.

கட்டவே முடியாத மாசம் வந்தா ஃபோனை அணைக்காதீங்க, தவணை தேதிக்கு முன்னாடியே எழுத்துல சொல்லி அவகாசம் கேளுங்க. வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்னாடியும் மாலை 7-க்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது. கடன் ஆப் உங்க ஃபோன் கான்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்டா அது விதிமீறல், அனுமதி கொடுக்காதீங்க. மிரட்டினா சைபர் குற்ற உதவி எண் 1930-ல புகார் பண்ணுங்க. வங்கிக்கிட்ட எழுத்துல கொடுத்த புகாருக்கு 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போங்க, விவரம் கேட்க 14448.

[திரையில்: பாக்கியில்லா சான்றிதழ்.]

கடைசித் தவணை கட்டினதும் பாக்கியில்லா கடிதம் வாங்குங்க, ஆட்டோ டெபிட்டை ரத்து பண்ணுங்க. ரெண்டு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட்டைப் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். அதுல 'குளோஸ்டு'ன்னு இருக்கணும். 'செட்டில்டு'ன்னு இருந்தா பாக்கியைத் தள்ளுபடி பண்ணி முடிச்சதா அர்த்தம், அடுத்த கடன் கேட்கிறப்போ அது தடையா நிக்கும். முழுசாக் கட்டியும் அப்படிப் போட்டிருந்தா, அந்தக் கடிதத்தை வெச்சு அன்னிக்கே திருத்தம் கேளுங்க.