தராசின் முள்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையைப் பதிவு செய்ய உட்கார்ந்ததும் ஒலிப்பதிவாளர் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். "நடுவில் அதிக நேரம் நிறுத்திவிடாதீர்கள். கேட்பவர்கள் நிலையம் நின்றுபோய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பேச வந்திருப்பதே, பேச்சை நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சியைப் பற்றித்தான். அதில் சேருகிறவர்களுக்கு நன்றாகப் பேசத் தெரிந்திருப்பதுதான் முதல் இடைஞ்சல். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கிறிஸ்தவ மரபில் ஆன்ம வழிகாட்டுதல் என்று ஒரு பணி உண்டு. அதற்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சி அது. ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். ஒரு மணி நேரம் அமர்ந்து, தன் செபத்தில் என்ன நடக்கிறது என்றோ, ஒன்றுமே நடக்கவில்லை என்றோ சொல்கிறார். எதிரில் இருப்பவர் கேட்கிறார். பாவமன்னிப்பு இங்கே இல்லை. அது ஒப்புரவு அருட்சாதனத்துக்கு உரியது. மனநலச் சிகிச்சையும் இல்லை, மறையுரையும் இல்லை. கேட்பவர் தாமும் செபத்தில் ஊன்றி நின்றபடியே கேட்பதால், இந்த முறைக்கு ஆழ்நிலை என்ற அடைமொழி சேர்ந்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மடத்துத் தலைவராக இருந்த ஏல்ரெட், தம் நண்பரிடம் இப்படிப் பேச்சைத் தொடங்குகிறார்: இதோ நாம் இருவர் இருக்கிறோம், நீயும் நானும்; நமக்கு நடுவே மூன்றாமவராகக் கிறிஸ்து இருக்கிறார் என்று நம்புகிறேன். அந்த மூன்றாமவரை மறந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் அரட்டை, அல்லது அதிகாரம்.

'வழிகாட்டி' என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கையில் வரைபடம் வைத்திருப்பவர் போல ஒலிக்கிறது. 'குரு' என்பது இன்னும் கனமான சொல். குரு சொன்னால் மறுபேச்சு இல்லை. நம்மிடமே ஒரு பழைய சொல் இருக்கிறது: ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனைப் பார்க்கிறான். இந்த வழியாகப் போ, அவர் கொடுப்பார் என்கிறான். தன் மூட்டையை அவிழ்த்துப் பங்கு கொடுப்பதில்லை. கொடுக்கிறவன் அவன் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தானும் பசித்திருந்தான், போனான், பெற்றான் என்பதுதான். இன்றைக்கு மனநல ஆலோசனைக்கும் ஆற்றுப்படுத்துதல் என்றே பெயர் வைத்திருக்கிறோம். வைத்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர்.

இந்தப் பணியின் வேர் நான்காம் நூற்றாண்டு எகிப்துப் பாலைநிலத்தில் இருக்கிறது. அங்கே தனிக்குடில்களில் வாழ்ந்த துறவியரைத் தேடி இளையவர்கள் போனார்கள். 'அப்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லும்' என்று கேட்டார்கள். ஒரு வார்த்தைதான், ஒரு மணி நேரச் சொற்பொழிவு இல்லை. அந்தத் துறவியரோடு வாழ்ந்துவிட்டு வந்த யோவான் காசியன் ஒரு கதையை எழுதி வைத்திருக்கிறார். பயிற்சியின் முதல் வாரத்தில் நான் இதைத் தவறாமல் சொல்வது வழக்கம்.

ஓர் இளந்துறவி. காம எண்ணங்கள் அவரைப் பாடாய்ப்படுத்துகின்றன. ஆறுதல் கிடைக்கும் என்று நம்பி ஒரு முதியவரிடம் போய் உள்ளதைச் சொல்கிறார். முதியவர் சீறுகிறார். நீயெல்லாம் துறவி என்று சொல்லிக்கொள்ளவே தகுதியற்றவன் என்று விரட்டுகிறார். மனம் உடைந்த இளைஞர், இனி ஊருக்குப் போய்த் திருமணம் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று நடையைக் கட்டுகிறார். வழியில் அப்பொல்லோ என்ற துறவி எதிர்ப்படுகிறார். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. விடாமல் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டு, இந்த வயதிலும் எனக்கு அதே தொல்லைதான் தம்பி, இன்று ஒருநாள் மட்டும் பொறுத்திரு என்கிறார். பிறகு நேரே அந்த முதியவரின் குடிலருகே போய், அந்தச் சோதனை இவருக்கு வரட்டும் என்று கண்ணீரோடு மன்றாடுகிறார். சற்று நேரத்தில் முதியவர் பித்துப் பிடித்தவர்போல வெளியே ஓடிவருகிறார். உள்ளே போகிறார், மறுபடி வெளியே வருகிறார். கடைசியில் இளைஞர் போன அதே பாதையில் இறங்கி ஓடத் தொடங்குகிறார். அப்பொல்லோ அவரைத் தடுத்து நிறுத்திச் சொல்கிறார்: குடிலுக்குத் திரும்பும் ஐயா. இத்தனை காலமும் சாத்தான் உம்மைக் கண்டுகொள்ளவே இல்லை, அல்லது, பொருட்படுத்தவில்லை.

இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அமைதியாவார்கள். அந்த முதியவரின் இடத்தில் தாம் இருந்த நாள் நினைவுக்கு வந்துவிடும்.

இப்போது 1521-க்கு வருவோம். ஸ்பெயினின் பாம்பிலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், லொயோலா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். படிக்க வீரசாகசக் கதைகள் கேட்கிறார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் கதைகளும்தான் இருக்கின்றன. மணிக்கணக்கில் பகற்கனவு காண்கிறார். ஒரு சீமாட்டியைக் கவரச் செய்யப்போகும் சாகசங்கள் ஒரு கனவு. வெறுங்காலோடு எருசலேமுக்குப் போவது இன்னொரு கனவு. காணும்போது இரண்டும் இனிக்கின்றன. முடிந்தபின்தான் வேறுபாடு. முதலாவது மனத்தை வறட்சியாக விட்டுப்போகிறது. இரண்டாவதன் மகிழ்ச்சி தங்குகிறது. இதைக் கவனித்ததுதான் அவருக்குத் திருப்புமுனை. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலும், மனத்தில் எழுபவற்றில் எது இறைவனிடமிருந்து வருகிறது என்று பிரித்தறியும், தெளிந்து தேர்தல் என்று நாம் சொல்லும் கலையும் இந்தக் கவனிப்பிலிருந்து முளைத்தவை. எங்கள் பயிற்சியிலும் 'என்ன உணர்ந்தீர்கள்?' என்பதைவிட, 'அது போனபின் என்ன மிஞ்சியது?' என்று கேட்கவே அதிகமாகப் பழக்குகிறோம்.

அதே இஞ்ஞாசியார், பயிற்சி கொடுப்பவருக்கு ஒரு கட்டளையும் எழுதியிருக்கிறார். எதிரில் இருப்பவரைத் துறவறத்தின் பக்கமோ வேறு பக்கமோ தள்ளாதே. தராசின் முள்போல நடுவில் நில். படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். நல்லதன் பக்கம்கூடத் தள்ளக் கூடாதா என்று ஒவ்வோர் அணியிலும் ஒருவராவது கேட்பார். கூடாது. இந்தப் பணியில் மிகக் கடினமானது இதுதான் என்பது என் எண்ணம்.

தள்ளுகிறவர்களை, பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவியான சிலுவையின் புனித யோவான் சும்மா விடவில்லை. இறைவன் ஓர் ஆன்மாவை மெல்ல மௌனத்துக்குள் அழைத்துச் செல்லும்போது, அதைப் புரிந்துகொள்ளாமல், இன்னும் சிந்தி, இன்னும் முயற்சி செய் என்று நச்சரிக்கும் வழிகாட்டியை, சம்மட்டியால் அடிக்க மட்டுமே தெரிந்த கொல்லன் என்கிறார். என் முப்பதாவது வயதில் அப்படி ஒரு கொல்லரிடம் நானும் சிக்கினேன். செபம் வறண்டுவிட்டது என்றேன். செபமாலையை இரண்டு மடங்காக்கச் சொன்னார். ஆக்கினேன். வறட்சியும் இரண்டு மடங்கானது. அவர் காலத்துத் துறவியான அவிலா தெரேசாவோ, அரைகுறையாகப் படித்த வழிகாட்டிகள் தமக்குப் பெருந்தீங்கு செய்தார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நெடுங்காலம் இந்தப் பணி குருக்கள், துறவியர் கையிலேயே பெரும்பாலும் இருந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பொதுநிலையினரும் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். முறையான பயிற்சித் திட்டங்களும் பிறந்தன. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள், சில இடங்களில் மூன்று. இறைவார்த்தையை அசைபோட்டுப் படிப்பது, விவிலியம், ஆன்மீக வரலாறு, கொஞ்சம் உளவியல் என்று பாடங்கள் இருக்கும். அவற்றை நூலகத்திலும் படித்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும்போதே கேட்கும் கேள்விதான் முக்கியம்: உங்களுக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறாரா? இல்லை என்றால், முதலில் போய்த் தேடிக்கொண்டு வாருங்கள் என்பதே பதில். வார இறுதி ஒன்றில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வகுப்புகள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை.

உண்மையான பயிற்சி மூன்று நாற்காலிகளில் நடக்கிறது. ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், ஒருவர் பார்ப்பார். இருபது நிமிடம். இது நாடகம் இல்லை. பேசுபவர் தம் சொந்த வாழ்விலிருந்துதான் பேச வேண்டும். என் முதல் முறையில் எனக்கு எதிரே இருந்த தோழி சொன்னார்: "மூன்று மாதமாக என்னால் செபிக்க முடியவில்லை." நான் உடனே தொடங்கிவிட்டேன். புனிதர்களுக்கும் வறட்சி வந்தது என்றேன். ஒரு திருப்பாடலைச் சொன்னேன். காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் என்று ஒரு திட்டமே போட்டுக் கொடுத்தேன். நன்றாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

பிறகு பார்வையாளராக இருந்தவர் தம் சிறிய குறிப்பேட்டைத் திறந்து, விமர்சனம் எதுவும் இல்லாமல், எழுதியதை அப்படியே வாசித்தார். "அவர் பேசி முடித்து நான்கு நொடிகளில் நீங்கள் பேசினீர்கள். இருபது நிமிடத்தில் பதினான்கு நிமிடம் உங்கள் குரல். ஏழாவது நிமிடத்தில் அவர் கண்ணைத் துடைத்தார். அப்போது நீங்கள் திருப்பாடல் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்."

கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவே இல்லை.

அதற்கு அடுத்த கட்டம், அந்த உரையாடலை நினைவிலிருந்து எழுதி மேற்பார்வையாளரிடம் கொண்டுபோவது. தாளில் மூன்று பத்திகள். அவர் சொன்னது, நான் சொன்னது, அந்த நொடியில் எனக்குள் நடந்தது. முதல் இரண்டையும் மளமளவென்று எழுதிவிட்டேன். மூன்றாவது பத்தி காலியாகக் கிடந்தது. என் மேற்பார்வையாளர் வயதான அருள்சகோதரி. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, தோழியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "அவர் செபிக்க முடியவில்லை என்றபோது உங்களுக்கு என்ன ஆயிற்று?" என்றார். நான் மழுப்பினேன். அவர் காத்திருந்தார். கடைசியில் சொன்னேன்: எனக்கும் அந்த மாதங்களில் செபம் வரவில்லை, யாரிடமும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினான்கு நிமிடமும் நான் பேசியது தோழியிடம் இல்லை. அருள்சகோதரி தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இப்போது மூன்றாவது பத்தியை எழுதுங்கள்."

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செப வறட்சி எல்லாம், இறைவனே ஆன்மாவை வறட்சி வழியாக நடத்திச் செல்லும் 'ஆன்மாவின் இருண்ட இரவு' ஆகிவிடாது. சிலுவையின் புனித யோவானே மூன்று அடையாளங்களைத் தருகிறார்: இறைக்காரியங்களிலும் உலகக் காரியங்களிலும் சுவை இல்லை, இறைவனுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற கவலை விடாமல் அரிக்கிறது, முன்போல் சிந்தித்துத் தியானிக்க முயன்றாலும் முடியவில்லை. முதல் அடையாளம் மட்டும் இருந்தால் அது உடல்நலக் குறைவிலிருந்தோ மனச்சோர்விலிருந்தோ வந்திருக்கலாம் என்று அந்தப் பதினாறாம் நூற்றாண்டிலேயே எச்சரிக்கிறார். ஆகவே தூக்கம் போய், உணவு போய், வாழ்வதில் பொருள் இல்லை என்று ஒருவர் சொன்னால், அவரை மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டும், அன்றைக்கே. அதை ஆன்மீகமாக்கிக் காட்டுவது குற்றம். எதிரில் இருப்பவர் நம்மைச் சார்ந்தே வாழத் தொடங்கிவிட்டால் அதுவும் ஆபத்துதான். மேற்பார்வை வாழ்நாள் முழுதும் வேண்டும் என்பது அதனால்தான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அந்த மூன்று நாற்காலிகள். அதே தோழி, அதே வாக்கியம். இந்த முறை நான் வாய் திறக்கவில்லை. பேச வேண்டும் என்ற அரிப்பு தொண்டை வரை வந்து நின்றது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைக் கவனித்தேன். ஆண்டவரே, இவர் உம்முடையவர் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பார்வையாளரின் பேனா நின்றிருந்தது. தோழி சேலை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். நான்கு நிமிடம் ஆனது என்று பிறகு குறிப்பேட்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

"முடியவில்லை என்று சொன்னது சரியில்லை," என்றார். "செபிக்கப் பயமாக இருக்கிறது."

"அந்தப் பயத்தோடு கொஞ்சம் இருக்கலாமா?" என்று கேட்டேன். அன்று நான் பேசிய ஒரே வாக்கியம் அது. இதுவரை சொன்னதற்கு அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் பேசியதை வானொலியில் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வணக்கம்.