யானைக்கு யார் ஆசான்?

தலைமையேற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, என் தகுதிக்கு மீறி என்னைப் பாராட்டி வரவேற்ற துறைத்தலைவர் அவர்களே, பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வனத்துறைப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விலங்குகள் யாரிடம் கற்கின்றன, கற்பிக்க மூத்தோர் இல்லாதபோது என்ன ஆகின்றன என்னும் இரண்டையும் பேச வந்திருக்கிறேன். "மூத்தோர் சொல்லும் முதுநெல்லியும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்" என்று நான் மேடைதோறும் சொல்வதுண்டு. ஆயினும் வயதுக்காக மட்டும் எந்த விலங்கும் எவரையும் ஆசானாக ஏற்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளுக்கு ஒரு பெட்டியைத் திறக்கும் வித்தையைக் கூட்டத்தின் தலைவி செய்துகாட்டியபோது, மற்றவை உற்றுநோக்கிக் கற்றன. தலைவன் செய்துகாட்டியபோது அத்தனை அக்கறை காட்டவில்லை. அங்கே பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிட, ஆண் குரங்குகள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடுகின்றன. ஆகவே, அந்த நிலத்தை அறிந்தவரையே அவை நம்புகின்றன என்பது என் கருத்து.

யானைகளிடையே அந்த அறிவு முதியவர்களிடம்தான் சேர்ந்திருக்கிறது. 1980களில் அதே தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில், யானைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகப் பெரிய யானைகளைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அநாதையான குட்டிகளை அந்நாட்டின் பிலானஸ்பர்க் பூங்காவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தாய் இல்லை, பாட்டி இல்லை, அடக்கி வளர்க்க ஒரு பெரிய களிறுகூட இல்லை. வளர்ந்த இளங்களிறுகளுக்கு உரிய வயதுக்குப் பல ஆண்டுகள் முன்பே மதம் பிடித்தது. 1992 முதல் 1997 வரை 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களை அவை கொன்றன. 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு மூத்த களிறுகள் வந்து சேர்ந்தன. அவற்றின் முன்னே இளையவற்றின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. முதுநெல்லியின் கசப்பை அந்த இளங்களிறுகள் அன்றுதான் முதன்முதலாகச் சுவைத்தன.

மதம் அடங்கியதே தவிர, இழந்த கல்வி திரும்பிவிடவில்லை. பதிவுசெய்த யானைக் குரல்களை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்ட ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. கென்யாவின் அம்போசெலியில், தலைமுறை அறுபடாத குடும்பங்கள் பழகிய குரலையும் அந்நியக் குரலையும், முதியவளையும் இளையவளையும் பிரித்தறிந்து, வேண்டியபோது நெருங்கிக் கூடி நின்றன. பிலானஸ்பர்க் குடும்பங்களிடம் அந்தப் பகுத்தறிதலைக் காண முடியவில்லை. கொலை நின்று ஆண்டுகள் பல கழிந்த பின்னும் இந்த நிலை என்பதுதான் என்னை உலுக்குகிறது.

வனத்துறைப் பெரியோர்களே, நான் எங்கும் கேட்பதையே இங்கும் கேட்கிறேன். யானைகளை இடம் மாற்ற நேர்ந்தால், தலைவியோடு குடும்பம் முழுவதையும் சேர்த்தே மாற்றுங்கள். தந்தத்தின் பெருமைக்காக முதிய களிறுகளை வேட்டையாட உரிமம் தரும் நாடுகள் அதை நிறுத்த வேண்டுமெனக் குரல் கொடுங்கள். கணக்கெடுப்பில் தலைகளை எண்ணுவதோடு வயதையும் பதிவுசெய்யுங்கள். இம்மூன்றையும் தீர்மானமாக முன்மொழியத் துணைவேந்தர் அவர்கள் இசைந்திருக்கிறார். அவையோர் அனைவரும் அதில் கையெழுத்திட வேண்டுகிறேன்.