கணக்குப்படி செய்த சப்வூஃபர் பெட்டி ஏன் ஒரே சுருதியில் உறுமுகிறது?

அடுத்த கேள்வி. நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "காரில் வைக்க 12 அங்குல சப்வூஃபருக்கு (அடி பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) நானே பெட்டி செய்தேன். ஸ்பீக்கரோடு வந்த தாளில் 50 லிட்டர், போர்ட் (பெட்டிக் காற்று வெளியே போய்வரும் குழாய்) 35 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை. பெட்டியின் வெளி அளவு 56, 36, 25 சென்டிமீட்டர். போர்ட்டுக்கு 10 சென்டிமீட்டர் குழாய், 31 சென்டிமீட்டர் நீளம். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே இடத்தில் 'பூம் பூம்' என்கிறது, ஆழமான பேஸ் வரவே இல்லை. ஸ்பீக்கரை மாற்றிவிடலாமா?"

வேண்டாம், மாற்றாதீர்கள். அளவுகளை எல்லாம் கொடுத்திருப்பதால் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அந்த 50 லிட்டரை நீங்கள் வெளியே அளந்திருக்கிறீர்கள்.

56, 36, 25 மூன்றையும் பெருக்கினால் 50.4 லிட்டர், சரி. ஆனால் ஸ்பீக்கருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் காற்று. பலகை ஒவ்வொரு பக்கமும் 1.8 சென்டிமீட்டரைத் தின்றுவிடும். ஆக உள் அளவு 52.4, 32.4, 21.4. பெருக்கிப் பாருங்கள், 36 லிட்டர்தான். அதற்குள் ஸ்பீக்கரின் மேக்னட்டும் சட்டகமும் இரண்டரை லிட்டர் போல இடம் பிடிக்கும். குழாய் ஒரு 3 லிட்டர். மிச்சம் 30 லிட்டர் சொச்சம். 50 லிட்டர் என்று நினைத்துக் கட்டியதில் ஐந்தில் இரண்டு பங்கு காற்று காணாமல் போயிருக்கிறது!

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'ஊ' என்று ஒரு சத்தம் வருமே, போர்ட்டும் அதே மாதிரிதான். பாட்டிலில் தண்ணீர் ஏற ஏற, அதாவது காற்று குறையக் குறைய, அந்தச் சத்தம் மேலே போகும். உங்கள் குழாய் 50 லிட்டருக்கு மிகச் சரியான குழாய், 35 ஹெர்ட்ஸ் வந்திருக்கும். 30 லிட்டரில் அதே குழாய் 45 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. அந்த 45-க்கும் அதற்குக் கொஞ்சம் மேலேயும்தான் உங்கள் 'பூம்' உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே சத்தம் சடசடவென்று இறங்கிவிடும்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குக் கவலை. ட்யூனிங்குக்கு, அதாவது போர்ட் ஒலிக்கும் அந்த 45 ஹெர்ட்ஸுக்கு, கீழே போனால் பெட்டிக் காற்று கோனை (ஸ்பீக்கரின் ஆடும் கூம்பை) பிடித்து வைக்காது. 30 ஹெர்ட்ஸ் உள்ள பாட்டைச் சத்தமாக வைத்தால் கோன் கட்டுப்பாடில்லாமல் முன்னும் பின்னும் பாயும், அதன் கம்பிச் சுருள் (காயில்) அடிவாங்கும். ஆம்ப்ளிஃபயரில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த சத்தத்தை வெட்டும் வசதி) இருந்தால் இப்போதைக்கு 40 ஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லையென்றால் வால்யூமைக் குறைத்தே கேளுங்கள்.

சிலர் உடனே, "அப்படியென்றால் ஒல்லியான குழாய் போட்டால் போதுமே" என்பார்கள். கணக்கில் சரியாகத்தான் வரும். 7.5 சென்டிமீட்டர் குழாய், 30 சென்டிமீட்டர் நீளம், 30 லிட்டர் பெட்டி, 35 ஹெர்ட்ஸ். ஆனால் அந்தக் குழாயின் வாய் பழையதில் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். அத்தனை காற்றும் அதற்குள் ஓட வேண்டுமே! சத்தம் ஏற்றினால் 'புஸ் புஸ்' என்று இரையும். 12 அங்குலத்துக்கு அதைச் செய்யாதீர்கள்.

பெட்டியை உடைக்கும் முன் ஒரு சோதனை. போர்ட்டுக்குள் தடிமனான துணியை இறுக்கி அடைத்துவிட்டுக் கேளுங்கள். 'பூம்' அடங்கி பேஸ் சீராக வந்தால், குழாயை எடுத்துவிட்டு ஓட்டையைப் பலகையால் மூடி சீல்டு பெட்டியாகவே வைத்துக்கொள்ளலாம். குழாய் போனதும் 33 லிட்டர் கிடைக்கும். அது பொருந்துமா என்று கணக்கிலும் பார்க்கலாம். தாளில் விஏஎஸ் (Vas), க்யூடிஎஸ் (Qts) என்று ஸ்பீக்கரின் குணத்தைச் சொல்லும் இரண்டு எண்கள் இருக்கும். விஏஎஸ்ஸைப் பெட்டி லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்குங்கள். உதாரணமாக விஏஎஸ் 45, க்யூடிஎஸ் 0.46 என்றால் 0.7 வருகிறது, அருமையான எண். 1-ஐத் தாண்டினால் மறுபடி உறுமல்தான். கார் சின்ன அறை என்பதால் அடி பேஸை அதுவே தூக்கிக் கொடுக்கும். அதனால் காருக்கு சீல்டு பெட்டி என்றால் நான் தயங்கவே மாட்டேன்.

போர்ட்தான் வேண்டும் என்றால் புதுப் பெட்டி. உள் அளவு 55, 36, 28 எடுத்தால் 55 லிட்டர்; மேக்னட், குழாய் போக 50 நிற்கும். வெளியே அது 58.6, 39.6, 31.6 ஆகும், அதாவது 73 லிட்டர் பெட்டி! டிக்கியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே குறுக்குக் கட்டை வைத்தால் அதையும் கழிக்க வேண்டும். வளைந்த ஃபைபர் பெட்டி என்றால் தெர்மாகோல் மணியை அளவு தெரிந்த வாளியால் கொட்டிக் கொட்டி நிரப்பி எண்ணுங்கள், அது நம்பகமான வழி.

அப்புறம், மூலை இணைப்புகளில் உள்பக்கம் சிலிகான் பசை பூசினீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. பாட்டு ஓடும்போது ஈரக் கையின் புறங்கையை இணைப்பு ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். காற்று கசிந்தால் அந்த இடத்தில் சில்லென்று தெரியும். புதுப் பலகை அறுக்கும் முன் உள் அளவை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.