கனடா மாமாவின் றாம்

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிறவன் என்றுதான் என்னை இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே பொதுவாகக் கதைக்காமல், அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு கொம்பியூட்டர் பெட்டியின் கதையைச் சொல்கிறேன்.

கொண்டுவந்தவர் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற ஒரு தம்பி. சாமான்களைக் கொழும்பில் வாங்கி, ஏ9 வீதியால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, யூடியூப் பார்த்துத் தானே பூட்டியது. இரண்டு நாள் நன்றாக ஓடியிருக்கிறது. மூன்றாம் நாள் தொடக்கம் நீலத் திரை, அதாவது விண்டோஸ் பாதியில் விழுந்து பிழை எழுத்தைக் காட்டுகிற திரை.

"அண்ணை, விண்டோஸ் மூண்டு தரம் போட்டிட்டன். ஒவ்வொரு தரமும் வேற வேற எழுத்து வருது" என்றார்.

அந்த 'வேற வேற எழுத்து'தான் என்னை நிமிர வைத்தது. விழும்போதெல்லாம் ஒரே கோப்பின் பெயர் வந்தால், அநேகமாக ஏதோ ஒரு ட்ரைவரில், அதாவது ஒரு பாகத்தை இயக்குகிற மென்பொருளில், கோளாறு. இன்றைக்கு 'மெமரி மனேஜ்மென்ட்', நாளைக்கு 'பேஜ் ஃபோல்ட்', அடுத்த நாள் இன்னொன்று என்றால் முதலில் றாமைத்தான், அதாவது ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கிற நினைவகத் தகட்டைத்தான், சந்தேகிக்க வேண்டும். பெரிய ஸிப் (zip) கோப்பு, அதாவது சுருக்கிய கோப்பு ஒன்றை விரிக்கும்போது 'பழுதான கோப்பு' என்று அடிக்கடி சொன்னாலும் அப்படித்தான். அந்த நிலையில் விண்டோஸைத் திரும்பப் போடுவது ஓட்டை வாளியால் இறைக்கிற வேலை. போடும்போதே கோப்புகள் கெட்டுத்தான் ஏறும்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஒரு கிழமைக்குள்ளேயே உள்ளே செம்புழுதி. சரி, அது எங்கள் ஊர். றாம் இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் பக்கத்துப் பக்கத்து ஸ்லொட்டில் நின்றன. நாலு ஸ்லொட் உள்ள மதர்போட்டில் இரண்டு றாம் போடுவதென்றால், புரொசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுவதுதான் பெரும்பாலும் முறை. போட்டோடு வருகிற சிறு புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். கரண்ட் வயரைக் கழற்றி, உடம்பில் இருக்கிற நிலைமின் போக கேசிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டு, கிளிப் 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்தி மாற்றினேன். அதற்குப் பிறகும் விழுந்தது.

அப்போதுதான் நிறத்தைக் கவனித்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு.

"கறுப்பு நான் வாங்கினது. மற்றது கனடா மாமா வரேக்க கொண்டந்து தந்தவர்" என்றார் தம்பி, கொஞ்சம் பெருமையாக.

இரண்டும் டிடிஆர்4 என்கிற றாம் வகை, இரண்டும் 8 ஜிபி. கறுப்பில் 3600 என்றிருந்தது, சிவப்பில் 3200. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். றாம் வருகிற பெட்டியில் பெரிதாக அடித்திருக்கிற அந்த 3600, செருகியவுடன் தானாக வருகிற வேகமில்லை. தானாக வருவது 2133, 2400, 2666 போன்ற ஒன்று. மிச்ச வேகத்துக்குப் பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முதல் வருகிற போட்டின் அமைப்புத் திரையில், எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பைப் போட வேண்டும். போட்டால் மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35க்கு ஏறும். அந்த வேகத்தை றாம் மட்டும் தாங்கினால் காணாது. புரொசசருக்குள் இருக்கிற மெமரி கன்ட்ரோலரும் தாங்க வேண்டும், போட்டும் தாங்க வேண்டும், பக்கத்தில் நிற்கிற மற்ற றாமும் தாங்க வேண்டும். தம்பியின் போட் கறுப்பின் கணக்கைப் பார்த்து, பாவம் சிவப்பையும் சேர்த்து 3600இல் விரட்டிக்கொண்டிருந்தது.

எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டேன். வேகம் 2400க்கு இறங்கியது. அன்று பின்னேரம் முழுக்க ஒரு விழுகையும் இல்லை.

இதோடு காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் சிவப்பு உண்மையிலேயே பழுதா, சோடி பொருந்தாத பிரச்சினையா என்று தெரியாமல் ஒருவரிடம் 'புதிசு வாங்கு' என்று சொல்ல எனக்கு மனம் வராது. மெம்டெஸ்ட்86 என்று ஒரு இலவசச் சோதனை இருக்கிறது. பென்ட்ரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் போகாமல் அதிலிருந்தே கொம்பியூட்டரைத் தொடக்க வேண்டும். ஒரு றாமை மட்டும் பூட்டி, இரவு ஓட விட்டேன். நாலு சுற்று முடிய மணித்தியாலக் கணக்கு ஆகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான், அதனால் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டுப் படுத்தேன். இந்தச் சோதனையில் 'ஒரு பிழைதானே' என்ற கதைக்கு இடமில்லை. பூச்சியம் வர வேண்டும்.

கறுப்பு தனியே ஓடியது, பூச்சியம். அடுத்த இரவு சிவப்பு, அதுவும் பூச்சியம். இரண்டையும் சேர்த்து 3600இல் விட்டேன், தேத்தண்ணி குடித்து முடிக்க முதலே பிழைகள் வரிசையாக விழுந்தன. சிவப்பின் கணக்குக்கு, அதாவது 3200க்கு, இரண்டையும் இறக்கினேன். நாலு சுற்றும் சுத்தம். இனித்தான் விண்டோஸை நாலாம் தரம் போடுவதில் பொருள் இருந்தது.

அடுத்த தலைமுறை றாமான டிடிஆர்5 போட்டுப் புதிதாகப் பூட்டுகிறவர்களுக்கும் ஒன்று. முதல் தரம் கொம்பியூட்டரைத் தொடக்கும்போது திரை கறுப்பாகவே சில நிமிடம் நிற்கும். றாமோடு போட் பழகிக்கொள்கிற நேரம் அது. பயந்து பொத்தானை அமத்தி நிற்பாட்டாதீர்கள். சோதித்த றாம் நல்லதாக இருந்தும் ஒரு பக்க ஸ்லொட்டுகள் மட்டும் வேலை செய்யாவிட்டால் புரொசசர் சொக்கெட்டின் ஊசி வளைந்திருக்கிறதா, கூலரை அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிட்டீர்களா என்று பாருங்கள்.

பெட்டியை எடுத்துப்போக அம்மாவும் கூட வந்திருந்தா. நான் சொன்னதெல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசலில் நின்று திரும்பிச் சொன்னா: "தம்பி, அவர் தந்ததாலதான் பிழைச்சதெண்டு மாமாவுக்கு மட்டும் தெரியவேண்டாம்."