ஒருவருக்கு ஒருவர்

நேயர்களுக்கு வணக்கம். வியட்நாம் அகதிகளைக் கனடா ஏற்றுக்கொண்ட கதை என்றால், நல்ல மனசு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் எப்போதும் இழுத்துவைத்துப் பேசுவது அதற்குள் நடந்த கணக்குத் தகராறைப் பற்றி.

1978 நவம்பரில் ஹாய் ஹாங் என்ற பழைய சரக்குக் கப்பல், ஏறத்தாழ 2,500 பேரோடு மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே நின்றது. இறங்க அனுமதியில்லை. கனடா அதிலிருந்து 604 பேரை அழைத்துக்கொண்டது. அப்புறமும் படகுகள் வந்தபடியே இருந்தன. 1979 ஜூலையில் கனடாப் பிரதமர் ஜோ கிளார்க்கின் அரசு, 1980 முடிவதற்குள் 50,000 பேர் என்று அறிவித்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 8,000 போக மீதிக்கு ஒரு ஏற்பாடு: பொதுமக்கள் ஒருவரைப் பொறுப்பேற்றால் அரசும் ஒருவரை ஏற்கும். மக்கள் பங்கு 21,000 பேர், அரசின் பங்கு 21,000 பேர்.

பொறுப்பேற்பது லேசான காரியமா? குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். ஒரு வருடத்துக்கு வீட்டு வாடகை, சாப்பாடு, குளிர் கோட்டு, பூட்ஸ், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் அவர்கள் தலையில். ஒட்டாவா மேயர் மேரியன் டூவர் தன் ஊருக்கு மட்டும் 4,000 பேர் என்று கிளம்பினார். ஊரே ஒத்துக்கொண்டது என்று நினைக்காதீர்கள். வேண்டாம் என்று காசு கொடுத்துப் பத்திரிகையில் விளம்பரம் போட்டவர்களும் உண்டு.

ஆனாலும் சில மாதங்களிலேயே மக்கள் 21,000-ஐத் தாண்டிவிட்டார்கள். டிசம்பரில் அரசு என்ன சொன்னது தெரியுமா? மொத்தம் 50,000 அப்படியே இருக்கட்டும், எங்கள் பங்கைக் குறைத்துக்கொள்கிறோம் என்றது. நிறையப் பேரைப் பொறுப்பேற்றிருந்த தேவாலயக்காரர்களுக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? நான் ஒருவரைக் கூடுதலாக அழைத்தால் நீ ஒருவரைக் கழிப்பாய் என்றால், நான் கைக்காசைப் போட்டு யாருடைய செலவைக் குறைத்தேன்? அகதியின் செலவையா, அரசின் செலவையா? மறுபடியும் சொல்கிறேன், மக்கள் கொடுப்பது அரசு கொடுப்பதற்கு மேலே சேரவேண்டும், அதற்குப் பதிலாக அல்ல. 1980 ஏப்ரலில், தேர்தலில் வென்று வந்த பியர் ட்ரூடோ அரசு 10,000 பேரைக் கூட்டி 60,000 ஆக்கியது. அந்தப் பத்தாயிரமும் அரசுக் கணக்கில்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். 1986-இல் கனடா மக்களுக்கு அகதிகளுக்கு உதவுவோருக்கு ஐ.நா. தரும் நான்சென் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் கண்டு மீட்டார்கள். இவர்களை யாரும் முகாமில் தேர்ந்தெடுத்து அழைக்கவில்லை, தாங்களாக வந்தவர்கள். அதனால் இவர்களைப் பற்றிய விவாதத்தின் தொனியே வேறு. இன்னொரு நாள் கூப்பிட்டால் அதைப் பேசுகிறேன். வணக்கம்.