ஞாயிறு பத்து மணி

நேயர்களுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பிள்ளைக்குத் தன்னார்வ வழிகாட்டி ஒருவரைத் தேடுவது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். வழிகாட்டி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. என் மகன் வாயில் அது ‘ஞாயித்துக்கிழமை தாத்தா’.

நான் தோற்றுப்போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு பெங்களூரில் கம்பி கட்டும் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார், வந்த அன்று தூங்குவார், மறுநாள் பஸ் ஏறிவிடுவார். இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடப்பு. மகன் ஏழாம் வகுப்பு போனதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டான். என்னடா என்றால் “ஒண்ணுமில்ல”. எனக்குப் பயம் வந்துவிட்டது. தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவரை வாரம் ஒருமுறை வந்து பையனோடு பேசச் சொன்னேன். நல்ல பிள்ளை. நான்கு சனிக்கிழமை வந்தார், செஸ் சொல்லிக் கொடுத்தார். ஐந்தாவது சனிக்கிழமை வரவில்லை. பரீட்சை, அப்புறம் வேலைக்கான இன்டர்வியூ. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பையன் மட்டும் மூன்று வாரம் செஸ் போர்டை விரித்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வாரம் கேட்டான்: “ஏம்மா, அன்னைக்கு நான் ஜெயிச்சிட்டேனே, அதுல அண்ணனுக்குக் கோவமா?”

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2002-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த வழிகாட்டிகளால் பிள்ளைகளுக்கு நல்ல பலன் இருந்தது. மூன்று மாதத்துக்குள் நின்றுபோன இடங்களில், பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே இறங்கியிருந்தது. என் வீட்டுத் திண்ணையில் பார்த்ததைத்தான் அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே யாரைத் தேடினாலும், அவருடைய படிப்பையும் பதவியையும் விட, அவர் வந்துகொண்டே இருப்பாரா என்று பாருங்கள்.

இன்னொன்றும் படித்தேன். 1904-ல் நியூயார்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் எர்னஸ்ட் கூல்ட்டர். ஆளுக்கு ஒரு பையனுக்கு அண்ணனாக இருங்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டார். அப்படி ஆரம்பித்தது பிறகு பெரிய இயக்கமாக வளர்ந்தது. எனக்குப் பிடித்தது அவர் வாய் விட்டுக் கேட்டார் என்பது. நமக்கு அங்கேதான் தடுக்கிறது. கடன் கேட்கக் கூசாத நாம் இதைக் கேட்கக் கூசுகிறோம். புருஷன் இருந்தும் பிள்ளையைப் பார்த்துக்க ஆள் தேடுறா பாரு என்பார்களோ என்று.

எங்கள் நூலகத்துக்குத் தினமும் பேப்பர் படிக்க ஒருவர் வருவார், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறேழு மாதம் கவனித்தேன். சின்னப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஒருநாள் கேட்டேவிட்டேன். “அண்ணா, என் பையனோட வாரம் ஒரு மணி நேரம் உக்காரணும். ஒரு வருஷத்துக்கு. இங்கயே, நூலகத்துலயே. பாடம் எதுவும் வேண்டாம்.” அவர் பதறிப்போனார். “எனக்கு இங்கிலீசு வராதேம்மா!” வேண்டாம் என்றேன்.

ஞாயிறு காலை பத்து மணி என்று வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு மாதம் பையன் பேசவே இல்லை. ரிப்பேரான மிக்சியைக் கழற்றினார்கள். கரண்ட் கார்டை எடுத்துவந்து, இரண்டு மாதக் கணக்கில் இலவசமான 100 யூனிட் போக மீதிக்கு என்ன வரும் என்று போட்டுப் பார்த்தார்கள். ஒரு ஞாயிறு, ஃபேன் காயிலைப் பிரித்துக்கொண்டே, பள்ளியில் ஒரு பையன் தன்னை அடிப்பதாகச் சொல்லியிருக்கிறான். என்னிடம் ஒரு வருடமாகச் சொல்லாதது. தாத்தா அன்றைக்கே என்னிடம் சொன்னார், அவனிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னார்.

நம் ஊரில் அதியமான் என்றால் எல்லோரும் நெல்லிக்கனியைத்தான் சொல்வார்கள். புறநானூற்றில் 92-ஆம் பாட்டு ஒன்று இருக்கிறது. குழந்தையின் மழலை யாழிசைக்கு ஈடாகாது, தாளத்துக்கு நிற்காது, பொருளும் விளங்காது. ஆனாலும் தகப்பனுக்கு அதன்மேல் அன்பு சுரக்கிறதே, என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்று அதியமானிடம் ஔவை சொல்கிறாள். அதியமான் அவளுக்குத் தகப்பன் காது உள்ள ஒரு வெளியாள். எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

எட்டாம் வகுப்பில், படிப்பு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு வந்தது. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். வருமானச் சான்று வாங்கிவிட்டாயா என்று தாத்தா எனக்கே ஞாபகப்படுத்தினார். பையன் எழுதினான், தேறவில்லை. முடிவு வந்த ஞாயிறும் பத்து மணிக்குப் பழைய ரேடியோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். ஓய்வுபெற்ற நடத்துநர், நர்ஸ், தபால்காரர் யாராக இருந்தாலும் சரி. 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்த பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், பிள்ளைகளைப் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களையும் கேட்கலாம். ஆனால் முதலாண்டுக்காரராகப் பாருங்கள், பரீட்சை மாதங்களை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைக்குப் பெண்ணையே கேளுங்கள். பதினெட்டு ஆகாமல் கட்டிக்கொடுப்பது குற்றம் என்று தெரிந்தும், பத்தாவது முடிந்ததுமே கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இன்னும் இருக்கின்றன. அந்த நேரத்தில், படித்து ஓசூரில் வேலைக்குப் போகும் ஓர் அக்கா வந்து அந்த வீட்டில் உட்கார்ந்தால் பெண்ணின் பக்கம் ஒரு குரல் கூடும்.

யாராக இருந்தாலும் நாலு பேர் நடமாடும் இடத்தில்தான் சந்திப்பு. கதவு சாத்திய அறை வேண்டாம், வண்டியில் தனியாகக் கூட்டிப்போவது வேண்டாம், “அம்மாகிட்ட சொல்லாதே” என்ற பேச்சு வரவே கூடாது. இதை முதல் நாளே நேராகச் சொல்லுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் அவர் வேண்டாம். பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லி வையுங்கள்.

தாத்தாவிடம் நான் போட்ட இன்னொரு நிபந்தனை, நிறுத்துவதானால் அவனிடமே நேரில் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். இரண்டு வருடம் கழித்து, மகள் வீட்டோடு இருக்க ஓசூர் போவதாக முடிவானதும், ஒரு மாதம் முன்பே அவனை உட்காரவைத்துச் சொன்னார். கடைசி ஞாயிறு, தான் வைத்திருந்த டெஸ்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போதும் ஞாயிறு பத்து மணிக்கு போன் வரும். எடுப்பது நான்தான். “நல்லா இருக்கியாம்மா, பையன்கிட்ட குடு” என்பார். அதற்கு மேல் என்னிடம் பேச அவருக்கு ஒன்றும் இருக்காது.

வணக்கம்.