ஹவியேரும் சவரிமுத்தும்: ஒரு ஸ்பானிஷ் பெயரின் கதை

[திரையில்: மூன்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக]

ஹவியேர் மிலேய், அர்ஜென்டினாவோட அதிபர். ஷாபி அலோன்சோ, 2010 உலகக் கோப்பையை ஜெயிச்ச ஸ்பெயின் அணியோட நடுக்கள வீரர். மூணாவது சவரிமுத்து. தூத்துக்குடிக் கடற்கரையில இந்தப் பேர்ல ஒரு தாத்தாவையாவது பார்த்திருப்பீங்க.

மூணு பேருக்கும் ஒரே பெயர்தான்.

[திரையில்: வடக்கு ஸ்பெயின் வரைபடம், நவார்ரா]

ஹவியேர்ங்கிறது முதல்ல ஆள் பெயரே இல்ல, ஊர்ப் பெயர். பைரனீஸ் மலையடிவாரத்துல நவார்ரான்னு ஒரு பகுதி. அங்க ஒரு சின்ன ஊரும் ஒரு கோட்டையும் இருக்கு. அந்தப் பக்கத்து பழைய மொழி பாஸ்க். அதுக்கும் ஸ்பானிஷுக்கும் சொந்தமே கிடையாது. பாஸ்க்ல 'எச்சே'ன்னா வீடு, 'பெர்ரி'ன்னா புதுசு. எச்சேபெர்ரி, அதாவது புதுவீடு. நம்ம ஊர்லயும் 'புதுவீட்டுக்காரங்க'ன்னு குடும்பத்தையே வீட்டை வெச்சு அடையாளம் சொல்வோமில்லையா, அதே மாதிரிதான். வேற மொழி பேசுறவங்க வாயில தேஞ்சு தேஞ்சு அந்தச் சொல் 'ஷவியேர்' ஆச்சு. தேயாம நின்ன வடிவமும் இருக்கு: எச்செவெர்ரியாங்கிற குடும்பப் பெயர். 1970-ல மெக்சிகோ அதிபரான லூயிஸ் எச்செவெர்ரியா பேர்ல இருக்கிறதும் இதே புதுவீடுதான்.

[திரையில்: ஹவியேர் கோட்டை]

1506 ஏப்ரல் 7. இந்தக் கோட்டையில பிரான்சிஸ்கோன்னு ஒரு கடைக்குட்டி பிறக்கிறான். அவனுக்கு ஆறு வயசுல, அப்ப தனி நாடா இருந்த நவார்ரா பக்கத்து ராஜ்யமான காஸ்தில் படைகிட்ட விழுது. அப்பா 1515-ல இறக்கிறார். அடுத்த வருஷம் கோட்டையோட கோபுரங்களை இடிச்சுத் தள்ளுறாங்க. பத்து வயசுப் பையன் தன் புதுவீடு இடிபடுறதைக் கண்ணால பார்த்து வளர்ந்தான். அந்த இடிஞ்ச வீட்டோட பேர்தான் பின்னால உலகம் பூரா போச்சு. எனக்கு இந்தக் கதையில மனசு நிக்கிற இடம் இதுதான்.

பாரிஸ்ல படிப்பு, அங்க இயேசு சபையைத் தொடங்கின லொயோலா இஞ்ஞாசியாரோட நட்பு. 1542-ல கோவா. அதே வருஷம் முத்துக்குளித்துறைக்கு வர்றார். பரதவர் மக்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியிருந்தாங்க. ஆனா அவங்க பாஷையில ஜெபம் சொல்லித்தர ஆள் இல்ல. உள்ளூர் ஆட்களை வெச்சு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, தெருத்தெருவா மணியடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லித்தந்தார். அவர்தான் நம்ம சவேரியார். 1552 டிசம்பர் 3-ல, சீனக் கரைக்குப் பக்கத்துல ஒரு தீவுல இறந்தார். 1622-ல புனிதர் பட்டம்.

அதுக்கப்புறம் ஸ்பெயின்ல பிள்ளைகளுக்கு 'பிரான்சிஸ்கோ ஹவியேர்'னு சேர்த்தே பேர் வெச்சாங்க. நாளடைவுல பின்பாதி மட்டும் தனிப்பெயரா நின்னுடுச்சு.

[திரையில்: ஒலி அலை]

இப்ப காதைத் தீட்டிக்குங்க. 1500-கள்ல ஸ்பெயின்காரங்களும் போர்த்துக்கீசியரும் இந்தப் பெயரை எக்ஸ் எழுத்துல எழுதி, 'ஷ'ன்னு உச்சரிச்சாங்க. அடுத்த நூறு வருஷத்துல ஸ்பானிஷ் மொழியில அந்த 'ஷ' தொண்டைக்குள்ள இறங்கி, உரசிக்கிட்டு வர்ற கனமான 'ஹ' ஆயிடுச்சு. மெஷிக்கோ மெஹிக்கோ ஆனதும் அப்பத்தான். 1815-ல ஸ்பானிஷ் மொழிக்கு எழுத்து விதி வகுக்கிற ஸ்பானிஷ் அகாடமி, எக்ஸ் எழுத்தையும் ஜேன்னு மாத்திடுச்சு.

ஆனா நம்ம கடற்கரை மக்கள் போர்த்துக்கீசியர்கிட்ட கேட்டது பழைய 'ஷவியேர்'. அந்த 'ஷ' நம்ம வாயில 'ச' ஆச்சு. பெயரோட அழுத்தம் கடைசியில விழும்; சவேரியார்ல 'வே' நீளுதே, அதுல அந்த அழுத்தம் எனக்கு இன்னும் கேக்குது. சவேரியார், சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள் எல்லாம் அந்தக் காலத்து ஒலியைச் சுமந்துக்கிட்டு நிக்கிற பெயர்கள். மாட்ரிட்ல இருக்கிற ஹவியேரை விட, மணப்பாட்டுச் சவரிமுத்துதான் மூல உச்சரிப்புக்குக் கிட்ட இருக்கார். 'சேவியர்' ஆங்கிலம் வழியா அப்புறம் வந்தது.

ஸ்பெயின்ல இன்னைக்கு 3 லட்சத்துக்கும் மேல ஹவியேர்கள் இருக்காங்க. 1980-கள்ல பிறந்த பையன்கள்ல முன்வரிசைப் பெயர் இது. வகுப்பில் ரெண்டு மூணு 'ஹவி' (ஹவியேரைச் சுருக்கிக் கூப்பிடுறது) இருந்த காலம். இப்போ பிறக்கிற குழந்தைகளுக்கு ஊகோ, மார்த்தின், மத்தேயோன்னு வெக்கிறாங்க. ஹவியேர் கொஞ்சம் அப்பா தலைமுறைப் பெயராத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. பாஸ்க் பகுதியில இன்னும் 'ஷாபியேர்'னு பழைய 'ஷ'வோடயே வெக்கிறாங்க. அலோன்சோ அப்படித்தான் ஷாபி. சிலியில பெண்பாலும் உண்டு, ஹவியேரா. அந்நாட்டு முதல் கொடியைத் தைச்சவங்கன்னு மக்கள் போற்றுற ஹவியேரா கர்ரேரா அந்தப் பேர்தான்.

[திரையில்: மலைப்பாதையில் நடைப்பயணிகள், பிறகு கோட்டாறு பேராலயம்]

மார்ச் மாசம் நவார்ரா மக்கள் ஹவியேர் கோட்டைக்குக் கூட்டம் கூட்டமா நடந்தே போறாங்க. சவேரியார் இறந்த டிசம்பர் 3 அங்க நவார்ரா நாள், அரசு விடுமுறை. அதே டிசம்பர் 3-ல, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் விடுமுறை.